மர மாமாவின் தலைக்கு மேல் ஒரு மேகம்

துபாயில், தேராவில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி வீட்டில், அப்பாவின் காலுறைகளுக்கு அடியில் ஒரு காட்டு மனிதன் குடியிருந்தான்.

பயந்துவிட வேண்டாம். அவன் ஒரு வட்ட பிஸ்கட் அளவுதான் இருப்பான். ஒரு வெள்ளிக் காசின் மேல் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் தாடி. இடுப்பில் இலைகளால் ஒரு மாலை, தலையில் இன்னொன்று. கையில் ஒரு முழு மரம். ஒடித்த கிளை இல்லை, வேரோடு பிடுங்கிய மரம்.

பத்து வயது ஜெஸ்மி அவனுக்கு ‘மர மாமா’ என்று பெயர் வைத்திருந்தாள். மாமா என்று ஆன பிறகு மரியாதை கொடுக்காமல் இருக்க முடியுமா? அதனால் இனி நாமும் அவரை ‘அவர்’ என்றே சொல்வோம்.

ஜெஸ்மியின் அப்பா செல்வசிங்குக்குப் புஜைரா துறைமுகத்தில் வேலை. கப்பல்களில் குளிர்சாதனம் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் மாலை வீட்டுக்கு வருவார். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, தான் சேர்த்த காசுகளை எடுத்து வைப்பார். எல்லாம் ஜெர்மனி நாட்டுப் பழைய வெள்ளிக் காசுகள். துணியை விரிக்கும்போதே ஜெஸ்மி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

மர மாமா அப்பாவுக்குக் கிடைத்ததே ஒரு கதை. மஸ்கட் பக்கம் ஒரு கப்பலுக்கு வேலையாகப் போயிருந்தபோது, அங்கே முத்ரா சந்தையில் ஒரு வெள்ளிக் கடை. ஒரு பெரிய தாம்பாளம் நிறைய பழைய காசுகள். எல்லாவற்றிலும் ஒரே குண்டு ராணி, ஒரே வருடம், 1780. அந்தக் குண்டு ராணிகளுக்கு நடுவில், தாடி வைத்த ஒருவர் மரத்தோடு நின்றிருக்கிறார். அவருடைய வருடம் 1624.

“மக்களே, யோசிச்சுப் பாரு,” என்றார் அப்பா. மகளை ‘மக்களே’ என்று கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். “ஜெர்மனியில ஒரு மலை. அதுக்குள்ள எறங்கி வெள்ளி எடுத்திருக்காங்க. அடிச்ச காசு கப்பல் ஏறி, ஒட்டகம் ஏறி, பாலைவனம் வரைக்கும் வந்திருக்கு. எத்தனை கை மாறியிருக்கும்? கடைசியா இப்ப உனக்க கையில இருக்கு, கேட்டியா.”

ஜெஸ்மி தன் கையைப் பார்த்தாள். சற்று முன் மீன் குழம்பு பிசைந்த கைதான். அந்தக் கைக்குள் இவ்வளவு பெரிய மலையும் கடலும் பாலைவனமும் வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவளுக்கு மூச்சே கொஞ்சம் நின்று வந்தது.

மர மாமாவை அவள் லென்ஸ் வைத்துத் தலை முதல் கால் வரை படித்திருந்தாள். அவருடைய தலைக்கு மேல், காசின் ஓரத்தில், ஒரு சின்ன மேகம் உண்டு. தேய்ந்து மங்கிப்போன ஒரு புடைப்பு. காட்டில் மழை வரப்போகிறது என்று ஜெஸ்மியும் அப்பாவும் முடிவு செய்திருந்தார்கள்.

இந்த மாதிரிக் காசுக்குத் ‘தாலர்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளி கிடைத்தது, அங்கே அடித்த காசு தாலர் ஆனது என்று அப்பா சொல்லியிருந்தார். இந்திக்காரர்களோடு படிக்கும் ஜெஸ்மிக்கு, தால் என்றால் பருப்பு. பருப்பிலிருந்து காசு வந்ததா என்று கேட்டு அப்பாவைச் சிரிக்க வைத்தாள்.

அம்மா எலிசாவுக்கு மட்டும் அந்தப் பெயர் வாயில் நிற்கவே இல்லை. “உங்க டாலரை எடுத்து உள்ள வையுங்க, சோறு போடணும்,” என்பாள்.

“டாலர் இல்ல எலிசா, தாலர்,” என்பார் அப்பா.

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்பாள் அம்மா.

ஒன்று இல்லை என்பது ஒரு புதன்கிழமை தெரிந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, காசு சேர்ப்பவர்கள் எல்லாம் ஒரு பள்ளி மண்டபத்தில் கூடிக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். அப்பாவுக்கும் ஒரே ஒரு காசு வைக்க ஒரு குட்டி மேஜை கிடைத்திருந்தது. மர மாமா முதல்முறையாக வெளியுலகம் பார்க்கப்போகிறார். ஒவ்வொரு காசுக்குப் பக்கத்திலும் அதன் பெயர், வருடம், எடை எழுதிய அட்டை வைக்க வேண்டும். எடை பார்க்க வீட்டில் தராசு ஏது? அப்பா செவ்வாய்க்கிழமை இரவு புஜைராவிலிருந்து போன் செய்தார். தாலரை யூசுப் பாய் கடையில் கொடுத்து நிறை பார்த்து வைக்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். நைட் டூட்டி முடித்துப் புதன் காலை வந்து, ஜெஸ்மியைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, தூக்கம் கண்ணைச் சொருகச் சொருகக் காசை எடுத்துக்கொண்டு போனாள். முகம்மது யூசுப் காயல்பட்டினத்துக்காரர். கட்டடத்துக்குக் கீழேயே அவருடைய வெள்ளி நகைக் கடை.

அம்மா அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “பாய், இது அவருக்க டாலர். நல்லா பாத்து வையுங்க. வெள்ளிக்கிழமை போட்டுக்கிட்டுப் போகணும்.”

காட்சிக்குப் போட வேண்டும் என்பதைத்தான் அம்மா தூக்கக் கலக்கத்தில் அப்படிச் சொன்னாள். ஆனால் யூசுப் மாமா நகைக் கடைக்காரர். நகைக் கடையில் டாலர் என்றால் என்ன? சங்கிலியில் தொங்குவது. கையில் வாங்கிப் பார்த்தால், வளையம் இல்லாத டாலர். ‘பாத்து வையுங்க’ என்றால் வேறு எதை வைப்பது, வளையத்தைத்தான். அவர் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்?

பள்ளி விட்டு வந்த ஜெஸ்மி சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யூசுப் மாமாதான்.

“பாப்பா, சிஸ்டர் தூங்குறாங்களா? எழுப்ப வேணாம். அப்பாவோட செயின் தடிப்பா, மெல்லிசா? அதச் சொல்லு போதும்.”

“அப்பா செயின் போட மாட்டாங்களே மாமா.”

“அப்ப புதுசா வாங்குறாங்க போல. டாலருக்கு வளையம் வைக்கத்தான் கேட்டேன். நல்லா பாலிஷும் போடச் சொல்லியிருக்கேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு.”

ஜெஸ்மி பேனாவைக் கீழே வைத்தாள். ஒருமுறை அவள் பல்பொடியை எடுத்துக்கொண்டு காசைத் தேய்க்கப் போனபோது, சாதுவான அப்பா எகிறிக் குதித்து வந்து கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கறுப்பு கிட்டத்தட்ட நானூறு வருடமாகத் தானாகப் படிந்தது, தேய்த்தால் போயே போய்விடும், திரும்ப வராது என்று சொல்லியிருந்தார். வெறும் கறுப்புக்கே இப்படி என்றால், நெருப்பில் காட்டி வளையம் ஒட்டினால்?

“மாமா, அது டாலர் இல்ல, தாலர்,” என்றாள். “பழைய காசு மாமா. எடை மட்டும்தான் பாக்கணும்.”

“அடடா!” என்றது அந்தப் பக்கம். பிறகு யூசுப் மாமா மெல்லச் சொன்னார். காசு கடையில் இல்லை. மற்ற சரக்கோடு சேர்த்துக் கடற்கழிக்கு அந்தப் பக்கம், பர்துபாயில் இருக்கும் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே வேலை செய்யும் அழகுமலைக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று வைத்தவர், உடனே திரும்பக் கூப்பிட்டார். அழகுமலையின் மொபைல் அணைந்து கிடந்தது. கடையில் கல்யாணக் கூட்டம், விட்டுவிட்டு வர வழியில்லை என்று பட்டறைக்குப் போகும் வழியை மட்டும் சொன்னார்.

நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்கும் அம்மாவை எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஜெஸ்மி இதுவரை அதை மீறியதில்லை. இன்று மீறினாள்.

விஷயம் புரிந்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில்தான், மொபைல் கட்டிலில் கிடப்பதும், ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அப்பாவின் செருப்பும் இருப்பதும் தெரிந்தது. திரும்பிப் போக நேரமில்லை. இருவரும் ஓடிப்போய் அப்ராவில் ஏறினார்கள்.

மற்ற நாளாக இருந்தால் அந்த மரப்படகில் ஜெஸ்மி கடற்பறவைகளை எண்ணிக்கொண்டு வருவாள். இன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு மக்களே,” என்றாள் அம்மா. “அதுதான் எனக்குத் தாங்காது.”

பட்டறை ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே ஒரே சூடு. அழகுமலை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் லென்ஸைச் செருகியிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு செங்கல், செங்கல் மேல் மர மாமா மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேல் ஒரு குட்டி வெள்ளி வளையம் ஒட்டுவதற்குத் தயாராக இருந்தது. அழகுமலையின் கையில் நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நில்லுங்க,” என்றாள் அம்மா. “அந்த டாலருக்கு வளையம் வைக்காண்டாம். அது எங்களுக்க காசு.”

அழகுமலை நிமிர்ந்து பார்த்தார். கலைந்த தலையோடு, ஜோடி சேராத செருப்பு போட்ட ஓர் அம்மா. மூச்சிரைக்க ஒரு சிறுமி.

“யம்மா, இது பாய் கடைச் சரக்கு,” என்றார். “பாய் சொல்லாம யாரு கையிலயும் குடுக்க மாட்டேன். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே. போன் பண்ணிக் கேக்கலாம்னா என் மொபைல்ல சார்ஜ் மாஃபி, சுத்தமா இல்ல. சாயங்காலம் சரக்கெடுக்க ஆள் வந்துரும், அதுக்குள்ள நான் முடிச்சாகணும். பாயக் கூட்டிக்கிட்டு வாங்க.”

அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் ஜெஸ்மிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்வதும் சரிதானே? யார் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுப்பவராக இருந்தால், யூசுப் மாமா எப்படி அவரை நம்பி வெள்ளியைக் கொடுப்பார்? தாங்கள் யார் என்று இவருக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்தாள்.

பிறகு திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“மாமா, நான் பாக்காமச் சொல்றேன். நீங்க லென்ஸ்ல பாருங்க. சரியா இருந்தா அது எங்களோடது.”

அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. சரி, சொல்லு என்றார்.

“அவரு கையில இருக்குற மரத்துக்கு வேர் இருக்கும்.”

“பார்த்தாலே தெரியுதே ஆத்தா. வேற சொல்லு.”

“இடுப்புல இருக்குற இலைகள்ல ஒரு இலை மட்டும் கீழ தொங்கும்.”

முக்காலி கிறீச்சிட்டது. “ஆமா, தொங்குது,” என்றார்.

“ஒரு கால்ல கட்டைவிரல் தேஞ்சுபோயிருக்கும். இன்னொரு கால்ல நல்லா இருக்கும்.”

நெருப்பின் சீறல் குறைந்தது.

“1624-ல அந்த ரெண்டுக்கு வால் நீளம். அப்புறம் தலைக்கு மேல ஒரு மேகம் இருக்கும். சின்னதா. நல்லாப் பாத்தாத்தான் தெரியும்.”

சீறல் நின்றேபோனது. ஜெஸ்மி திரும்பிப் பார்த்தாள். அழகுமலை நெருப்பை அணைத்துவிட்டுக் காசைக் கையில் எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தார்.

“ஆயிரத்து அறுநூத்தி இருபத்தி நாலா,” என்றார் மெதுவாக. “குண்டு ராணி காசு மாதிரி இன்னொண்ணுன்னு நெனச்சுட்டேனே. எல்லாரும் வளையம் வைக்கத்தான் கொண்டுவருவாங்க.” காசை ஜெஸ்மியின் உள்ளங்கையில் வைத்தார். “இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, இது உன்னோடதுதான் ஆத்தா.”

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெஸ்மி அவருடைய லென்ஸை வாங்கிக் கண்ணில் செருகிக்கொண்டாள். அப்பாவின் லென்ஸைவிட அது எத்தனையோ மடங்கு நன்றாகக் காட்டியது. மர மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கறுப்புகூட அப்படியே இருந்தது. ஆசை தீர அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தட்டில் கிடந்த குண்டு ராணி ஒன்றையும் எடுத்துப் பார்த்தாள். அதன் வளையம் உடைந்து விழுந்திருந்தது. உடைந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

ராணியைப் பார்த்தாள். மர மாமாவைப் பார்த்தாள். மறுபடி ராணியைப் பார்த்தாள்.

“மாமா,” என்றாள். “ராணி தலைக்கு மேலயும் மேகம் இருக்கு.”

அழகுமலை இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு புடைப்பையும் கட்டைவிரலால் தடவினார்.

“மேகம் இல்லத்தா,” என்றார் கடைசியில். “இதுல முன்னாடியே வளையம் இருந்திருக்கு. நான் வைக்கப் போன அதே எடம். எனக்கு முன்னால எவனோ ஒருத்தன் இதே மாதிரி நெருப்புக்கு முன்னால உக்காந்து வச்சிருக்கான். எந்த ஊரோ, எந்தக் காலமோ.”

யாரோ ஒருவர் மர மாமாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். ஓடியிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அவருடைய நெஞ்சு அடிப்பதை மர மாமா கேட்டிருப்பார். ஜெஸ்மிக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கிளம்பும்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. “அம்மா, நாம எடையே பாக்கலையே.”

அழகுமலை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தராசை எடுத்தார். இருபத்தெட்டரை கிராமுக்குச் சற்று மேலே காட்டியது.

திரும்பும் படகில் ஜெஸ்மிக்குப் புதிய கவலை பிடித்துக்கொண்டது. வளையம் ஒட்டிய காசு என்றால் காசு சேர்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அப்பாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மேகம் இல்லை, அது காயத்தின் தழும்பு என்று தெரிந்தால் அப்பாவின் சந்தோஷம் போய்விடாதா? சொல்லாமலே இருந்துவிட்டால்? ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா லென்ஸ் வைத்து, மழை வரப்போகுது மக்களே என்பாரே. அப்போது அவளால் எப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியும்?

வியாழன் மாலை அப்பா பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அப்பா காசை எடுத்தார். லென்ஸை எடுத்தார். விளக்கைக் கிட்டத்தில் இழுத்தார். அம்மா சமையலறை வாசலில், புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அப்பா தலையை நிமிர்த்துவதாக இல்லை.

“கண்காட்சிக்குக் கொண்டுபோகாண்டாமா?” என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

அப்பா நிமிர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

“இத்தனை நாளா இது யாரு யாரு கையில இருந்துச்சுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார். “கழுத்துல இருந்திருக்கும்னு தோணவே இல்ல பாரு. மழை மேகத்தைவிட இது எவ்வளவு பெரிய விஷயம் மக்களே.”

“அப்ப இது டாலராத்தான் இருந்திருக்கு,” என்றாள் அம்மா. அவளுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. “ரெண்டும் ஒண்ணுதான்னு நான் அப்பமே சொன்னேன்லா?”

அப்பா யோசித்தார். அமெரிக்காக்காரர்களின் டாலரே தாலர் என்ற சொல் தேய்ந்து வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். நம் ஊர்க் கழுத்து டாலரும் அப்படிக் காசைக் கோத்துப் போட்டதில்தான் வந்திருக்குமோ என்று ஜெஸ்மி கேட்டாள். தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. அன்று இரவு உணவு முடியும்வரை அம்மாவின் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மேஜை மேஜையாகக் காசுகள். பக்கத்து மேஜைகளில் பளபளக்கும் அட்டைகள், ஆங்கிலத்தில் அச்சடித்தவை. அப்பாவின் மேஜையில் ஒரே ஒரு அட்டை, கையால் எழுதியது. மேலே தமிழ், கீழே ஆங்கிலம். அப்பா சொல்லித்தந்த எழுத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு ஜெஸ்மி எழுதியது.

கறுப்பு அபாயா அணிந்த ஓர் அரபுப் பெண்மணி வந்து அட்டையைப் படித்தார். லென்ஸில் வெகுநேரம் மர மாமாவைப் பார்த்தார். பிறகு தன் கழுத்துச் சங்கிலியை மெல்ல வெளியே எடுத்து ஜெஸ்மிக்குக் காட்டினார். அதில் ஒரு குண்டு ராணி தொங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பேச எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்து, மதியத்துக்குள் அந்த மேஜைக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் குனிந்து அட்டையைப் படித்தார்கள்:

‘மர மாமா. பிறந்த வருடம் 1624. எடை இருபத்தெட்டரை கிராமுக்குச் சற்று மேல். தாலர். நடுவில் கொஞ்ச காலம் டாலர்.’